தழும்பின் இடமும் அலையின் போக்கும்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவரின் இதயத்தில் ஒரு தழும்பு மிஞ்சுகிறது. அதோடு இருபது ஆண்டு நடமாடுபவர்கள் உண்டு. சில மாதங்களிலேயே துடிப்பு குலைந்து தூக்கத்தில் போய்விடுபவர்களும் உண்டு. இவரையும் அவரையும் முன்கூட்டியே பிரித்தறிய, மருத்துவர்கள் இன்றும் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் நம்புகிறார்கள். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற எண் அது. 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் மார்பில் டிஃபிப்ரிலேட்டர் பொருத்திக்கொள்ளச் சொல்வார்கள். அப்படிப் பொருத்திய கருவிகளில் பல, கடைசிவரை ஓர் அதிர்ச்சிகூடக் கொடுக்க நேர்வதில்லை. எண் திருப்தியாக இருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடையேயும் திடீர் மரணங்கள் நிகழ்கின்றன. இதயம் எவ்வளவு வலுவாகப் பிழிகிறது என்பதை அந்த எண் சொல்கிறது. மின் அலை எந்த வழியாகப் போகிறது, எங்கே சிக்கிக்கொள்ளும் என்பது அதில் இல்லை.

அந்தக் கேள்விக்குக் கணினியில் விடை தேட முடியும் என்று கடந்த கால் நூற்றாண்டாக உழைத்துவருகிற குழு ஒன்று பெங்களூருவில் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின், அதாவது ஊர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இடத்தின், இயற்பியல் துறையில் ராகுல் பண்டிட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் இதயத் திசுவின் அமைப்பு துடிப்பை எப்படிக் கெடுக்கிறது என்று கட்டுரை மேல் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். இவர்கள் மருத்துவர்கள் அல்லர். பாய்மங்களின் கொந்தளிப்பை ஆராய்கிற இயற்பியல் மரபிலிருந்து வந்தவர்கள். அதுவே இவர்களுடைய பலம், அதுவே பலவீனமும் என்பது என் கணிப்பு. எந்தப் பகுதி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்போம்.

முதலில் சங்கதியின் அடிப்படை. இதயத் தசைச் செல் ஒருமுறை கிளர்ந்துவிட்டால் சுமார் 300 மில்லி விநாடிக்கு மறுபடி கிளராது. காய்ந்த புல்வெளியில் தீ பரவுவது போலத்தான் மின் அலை பரவுகிறது: எரிந்த இடத்தில் புல் மறுபடி முளைத்தால்தான் தீ அங்கே திரும்பி வர முடியும். மனிதக் கீழறையில் தசை இழையின் நெடுக்கில் அலை விநாடிக்கு ஏறத்தாழ 70 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தை 300 மில்லி விநாடியால் பெருக்கினால் 21 செ.மீ. ஓர் அலை வட்டமடித்துத் தன் வாலையே தொடாமல் சுழல அவ்வளவு நீளமான பாதை வேண்டும். ஆரோக்கியமான கீழறையில் அத்தனை இடம் கிடையாது. நம்மைக் காப்பாற்றுவது இந்தக் கணக்குதான்.

தழும்பு இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. தழும்பின் ஓரத்தில் உயிரோடிருக்கும் இழைகள் மெலிந்து, நார்த்திசுவுக்கு இடையில் நெளிந்து போகின்றன. அங்கே வேகம் விநாடிக்கு 20 செ.மீ. ஆகக் குறைந்து, விரைவுத் துடிப்பினால் ஓய்வு நேரமும் 200 மில்லி விநாடியாகச் சுருங்கினால், சுழலுக்கு 4 செ.மீ. பாதை போதும். அலை திரும்பித் தன் தொடக்கத்துக்கே வந்து, சுருளாகச் சுழலத் தொடங்கிவிடும். ஒரே சுருள் உடையாமல் சுழன்றால் அது வென்ட்ரிக்குலர் டாகிகார்டியா: துடிப்பு வேகம், ஆனால் ஒழுங்கு உண்டு. சுருள் உடைந்து பல துண்டுகளாகிக் கொந்தளித்தால் ஃபிப்ரிலேஷன். அப்போது இதயம் பம்ப் செய்வதை நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்கும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

கட்டமைப்பைக் கணக்கில் எடுக்காமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் கசப்பான சான்று இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு வரும் மிகைத் துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று நம்பி, என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்ற இரு மருந்துகளை அமெரிக்காவில் சோதித்தார்கள். காஸ்ட் என்று அறியப்படும் சோதனை அது. 1991இல் வெளியான முடிவில் மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேர். மருந்து மிகைத் துடிப்புகளை அடக்கத்தான் செய்தது. ஆனால் அது சோடியம் வாயில்களை அடைத்து அலையின் வேகத்தைக் குறைக்கும் மருந்து. தழும்புள்ள இதயத்தில் வேகம் குறைந்தால் சுழலுக்கு இடம் கிடைக்கும் என்பதை மேலே பார்த்தோம். ஒரு செல்லுக்கு நல்லது செய்கிற மருந்து, செல்கள் பின்னப்பட்டிருக்கும் திசுவில் கேடு செய்யலாம். செல்லையும் திசுவையும் ஒருசேரக் கணக்கிடுகிற ஏதாவது ஒன்று நமக்குத் தேவை என்பதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியாது.

கணினி இதயம் புதிதல்ல. 1946இலேயே நார்பர்ட் வீனரும் ஆர்துரோ ரோசன்ப்ளூத்தும் தடையைச் சுற்றி அலை சுழல்வதைக் கணிதமாக எழுதினார்கள். 1964இல் கோர்டன் மோ குழுவினர் 992 அறுகோணக் கட்டங்களைக் கொண்டு மேலறை ஃபிப்ரிலேஷனைக் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். இன்று கீழறைத் தசையில் 13.5 செ.மீ. சதுரமும் ஒரு செ.மீ. தடிமனும் உள்ள ஒரு பாளத்தைக் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டினால் ஒரு கோடிக்கு மேல் புள்ளிகள். டென் டஸ்கர், பான்ஃபிலோவ் மாதிரியில் ஒவ்வொரு புள்ளியிலும் 12 வகை அயனி மின்னோட்டங்கள். ஒரு விநாடி இதயத்தை ஓட்ட ஐம்பதாயிரம் கணக்கீட்டுப் படிகள். இவ்வளவு வலிமை கையில் இருக்கும்போது கேட்க வேண்டியது, கணக்குப் போட முடியுமா என்பதல்ல. போட்ட கணக்கு எதை நிறுவுகிறது என்பதே.

பெங்களூரு குழுவின் படைப்புகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2007இல் ஷாஜகான், சிதாப்ர சின்ஹா, பண்டிட் மூவரும் ஃபிசிக்கல் ரிவ்யூ இ இதழில் வெளியிட்ட ஆய்வு. அதில் செய்ததைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கணினியில் ஒரு சதுரத் திசு. அதில் சுருள் அலை ஒன்றை உண்டாக்கிவிடுகிறார்கள். தடை ஏதும் இல்லாத திசுவில் அந்தச் சுருள் உடைந்து கொந்தளிக்கும் வண்ணம் அளவுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. பிறகு மின்சாரம் கடத்தாத ஒரு சதுரத் தடையை உள்ளே வைக்கிறார்கள். அதுதான் தழும்பு. ஓர் இடத்தில் வைத்தால் கொந்தளிப்பு தடையைப் பொருட்படுத்தாமல் தொடர்கிறது. அதே அளவுத் தடையைச் சற்று நகர்த்தி வைத்தால், உடைந்த அலைகள் ஒன்றுசேர்ந்து, தடையைப் பற்றிக்கொண்டு ஒரே சுருளாகச் சுழல்கின்றன. வேறோர் இடத்தில் வைத்தால் சுழல் திசுவை விட்டே வெளியேறி, எல்லாம் அடங்கிவிடுகிறது. தடை மாறவில்லை, திசுவும் மாறவில்லை. இடம் மட்டும்தான் மாறியது. முடிவு மூன்று வகை: கொந்தளிப்பு, ஒழுங்கான சுழற்சி, அமைதி.

இதன் மதிப்பை உணர அதற்கு முந்தைய விலங்குச் சோதனைகளை நினைவில் கொள்ள வேண்டும். 1997இல் நாயின் மேலறைத் திசுவில் துளையிட்டுப் பார்த்தவர்கள், சிறு துளைகள் அலையைப் பிடிக்கவில்லை, பெரிய துளைகள் பிடித்துக்கொண்டன என்றார்கள். 2000இல் பன்றியின் வலது கீழறையில் துளையிட்டவர்கள், ஃபிப்ரிலேஷன் டாகிகார்டியாவாக மாறியதைக் கண்டார்கள். தடைகளால் ஃபிப்ரிலேஷனில் எந்த மாற்றமும் இல்லை என்ற முடிவுகளும் வந்தன. யார் சொல்வது சரி? எல்லோரும் சரி என்பதே பெங்களூருவின் பதில். முரண்பாடு சோதனையின் பிழை அல்ல, அமைப்பின் இயல்பு. கொந்தளிப்பில் போய் முடியும் தொடக்கநிலைகளையும் ஒற்றைச் சுருளில் போய் முடியும் தொடக்கநிலைகளையும் பிரிக்கிற எல்லை நேர்க்கோடாக இல்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மேலும் மேலும் சிக்கலாகிற ஃபிராக்டல் போன்ற எல்லை அது என்கிறார்கள். அதனால்தான் சிறு நகர்வு பெரிய மாற்றத்தைத் தருகிறது.

இந்த விளக்கத்தின் முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒரே மாதிரியில் மட்டும் கண்டிருந்தால், இது அந்த மாதிரியின் விசித்திரம் என்று ஒதுக்கியிருக்கலாம். 2007இலேயே இரண்டு மாதிரிகளில் காட்டினார்கள்: பான்ஃபிலோவின் எளிய சமன்பாடுகள் ஒன்று, கினிப் பன்றிச் செல்லை அடிப்படையாகக் கொண்ட லுவோ–ரூடி மாதிரி மற்றொன்று. 2009இல் ஷாஜகானும் அலோக் ரஞ்சன் நாயக்கும் பண்டிட்டும் நான்கு மாதிரிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அவற்றில் மனிதச் செல்லின் மாதிரியும் உண்டு. 2011இல் ரூபமஞ்சரி மஜும்தார் முப்பரிமாணப் பாளத்தில், உட்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை இழைகளின் திசை திரும்புவதையும் சேர்த்துக்கொண்டு பார்த்தார். எங்கும் அதே கூருணர்வு. இவ்வளவு வேறுபட்ட சமன்பாடுகள் ஒரே சேதியைச் சொன்னால் அது சமன்பாட்டின் சேதி அல்ல, திசுவின் சேதி என்று நம்பலாம்.

இரண்டாம் பாதியில், அதாவது ஃபிராக்டல் என்ற பகுதியில், எனக்குத் தயக்கம் இருக்கிறது. எல்லை ஃபிராக்டல் போன்றது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. கணினி ஓட்டங்கள் அதற்கு ஆதரவு தருகின்றன. ஆனால் சில பத்து இடங்களில் தடையை வைத்து முடிவு மாறி மாறி வருவதைக் காண்பது ஒன்று, எல்லையின் வடிவத்தை நிறுவுவது வேறொன்று. முடிவு தாறுமாறாக மாறுவதற்கு ஃபிராக்டல் எல்லைதான் வேண்டும் என்றில்லை. வளைந்து நெளிந்த, ஆனால் சாதாரணமான எல்லையும், ஓட்டங்கள் குறைவாக இருக்கும்போது அப்படித்தான் தோன்றும். இரண்டுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் உண்டு. எல்லை சாதாரணமானதென்றால், இன்னும் துல்லியமான ஸ்கேன் கிடைத்தால் முன்கணிப்பு மேம்படும். ஃபிராக்டல் என்றால் துல்லியத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் முன்கணிப்பு கொஞ்சம்தான் நகரும். அந்த வித்தியாசத்தை அளந்து சொல்லாதவரை இது நல்ல ஊகம் என்ற இடத்திலேயே நிற்கிறது.

சதுரத் தடை உண்மைத் தழும்பு அல்லவே என்ற ஆட்சேபம் எல்லோருக்கும் தோன்றும். குழுவே அதை எதிர்கொண்டது. பிற்பாடு வந்த ஆய்வுகள் நார்த்திசுவை நோக்கித் திரும்பியதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். 2012 கட்டுரையில் மஜும்தார், நாயக், பண்டிட் மூவரும் நார்த்திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தசைச் செல்களுக்கு நடுவே தாறுமாறாகத் தூவி, விகிதத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். விகிதம் ஏற ஏற, திசு பலவகை ஒழுங்கற்ற நிலைகளின் வழியாக நகர்ந்து, கடைசியில் அலையைக் கடத்தவே இயலாத நிலையை அடைகிறது. கவனிக்க வேண்டியது, விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் தூவிய விதம் மாறினால் நிலையும் மாறக்கூடும் என்பது. எத்தனை சதவீத நார்த்திசு இருக்கிறது என்ற எண்ணும், மருத்துவர் நம்பும் அந்த 35 போலவே, பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

இதில் ஒரு துணிச்சலான அனுமானம் இருந்தது. ஃபைப்ரோபிளாஸ்ட் வெறும் அடைப்பான் அல்ல, தசைச் செல்லோடு மின்தொடர்பு வைத்துக்கொள்கிறது என்று 2013இல் நாயக், ஷாஜகான், பான்ஃபிலோவ், பண்டிட் ஆகியோர் கணக்கிட்டார்கள். சோதனைத் தட்டில் வளர்த்த செல்களில் அந்தத் தொடர்பு தெரியும். உயிருள்ள இதயத்தில் உண்டா என்பது அப்போது பெரும் விவாதமாக இருந்தது. 2016இல் அலெக்சாண்டர் குவின், பீட்டர் கோல் குழுவினர் எலியின் இதயத்தில், தசையல்லாத செல்களுக்கு மட்டும் ஒளிரும் மின்னுணரியை ஊட்டி, தழும்பின் ஓரத்தில் அவை தசைத் துடிப்போடு சேர்ந்து மின்னழுத்தம் மாறுவதைக் காட்டினார்கள். பெங்களூருவின் அனுமானத்துக்கு வெளியிலிருந்து வந்த ஆதரவு அது. தொடர்பு எவ்வளவு வலுவானது, ஒரு தசைச் செல்லோடு எத்தனை ஃபைப்ரோபிளாஸ்ட் இணைகின்றன என்ற எண்கள் மட்டும் இன்னமும் கணக்கிடுபவரின் கையில்தான் இருக்கின்றன. அந்த எண்களை மாற்றினால் முடிவுகளும் மாறும்.

2017இல் சோலிங் ஜிமிக்கும் பண்டிட்டும் வெளியிட்ட ஆய்வு என் கணக்கில் இந்த வரிசையிலேயே மருத்துவத்துக்கு மிக நெருங்கி வந்தது. ஃபைப்ரோபிளாஸ்ட் திரண்ட ஒரு திட்டு. அதன் வழியே மெதுவாகத் துடிப்பை அனுப்பினால் பெரும்பாலும் எதுவும் நேர்வதில்லை. வேகமாக அனுப்பினால் சுழல் பிறக்கிறது. திட்டின் பரப்பு, அதில் செல்கள் பரவியிருக்கும் விதம், அவற்றின் விகிதம் எல்லாம் முடிவைத் தீர்மானிக்கின்றன. தழும்போடு பல ஆண்டு ஒன்றும் நேராமல் இருந்த ஒருவருக்கு ஒரு வேகத்துடிப்பின்போது மட்டும் ஏன் விபரீதம் நேர்கிறது என்பதற்கு இது நேரடியான, சோதித்துப் பார்க்கக்கூடிய பதில்.

சிகிச்சை என்று வரும்போது என் மதிப்பீடு மாறுகிறது. 2001இல் சின்ஹா, அஷ்வின் பாண்டே, பண்டிட் மூவரும் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் ஒரு வழி சொன்னார்கள். மார்பைத் தூக்கிப்போடும் பேரதிர்ச்சிக்குப் பதிலாக, திசுவின் மேல் வலைபோல மின்முனைகளைப் பரப்பி, மெல்லிய மின்துடிப்பு கொடுத்தால், கொந்தளிப்பு வலைக்கண்களுக்குள் சிறைப்பட்டு, போதிய இடமின்றி அழிந்துவிடும். இடம் போதாவிட்டால் சுருள் வாழாது என்ற அதே கணக்கைத் திருப்பிப் பயன்படுத்திய அழகான யோசனை. 2009இல் தடைகள் உள்ள திசுவிலும் இது வேலை செய்கிறது என்று காட்டினார்கள். கருத்தளவில் எனக்குக் குறை இல்லை.

இதயத்தின் மேல் அப்படியொரு வலையை யார், எப்போது, எப்படிப் போர்த்துவது? அதை விடவும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இந்தக் கணக்குகளில் மின்னோட்டம் நேராகச் செல்லுக்குள் செலுத்தப்படுகிறது. நிஜ இதயத்தில் மின்முனை செல்லுக்கு வெளியே இருக்கிறது. உள்ளும் வெளியும் மின்கடத்தும் தன்மை திசைக்குத் திசை வேறுபடுவதால், அதிர்ச்சி கொடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நேரெதிர் விளைவுடைய பகுதிகளும் தோன்றும். உள்வெளி இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடும் மாதிரியில் நிறுவாமல், அதிர்ச்சி சிகிச்சை பற்றிய எந்த வாக்குறுதியையும் நான் ஏற்கத் தயங்குவேன். 2011இல் ஸ்டெஃபன் லூதர், ஃப்ளாவியோ ஃபென்டன் குழுவினர் நேச்சர் இதழில் காட்டிய வழி இங்கே ஒப்பிடத்தக்கது. அவர்கள் வலை எதையும் போர்த்தவில்லை. இதயத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் ரத்தக் குழாய்களின் ஓரங்களையே மின்முனைகளாக்கி, தொடர்ச்சியான மெல்லிய துடிப்புகளால் ஆற்றலைச் சராசரியாக 84 சதவீதம் குறைத்தார்கள். விலங்குகளில் செய்தும் காட்டினார்கள். திசுவின் சீரின்மை எதிரி மட்டுமல்ல, துணையும்கூட என்பதை அங்கே உயிருள்ள இதயம் நிரூபித்தது. பெங்களூருவின் வலை இன்னும் அந்தப் படியை ஏறவில்லை.

2020இல் குழு ஆழ்கற்றல் முறையைக் கொண்டு திசுப் படங்களில் சுருளின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் மின்னோட்டம் கொடுத்து அழிக்கலாம் என்று எழுதியது. எங்கே அடிப்பது என்பதை அது கூர்மையாக்குகிறது. ஆனால் கணினி உண்டாக்கிய படங்களில் பயின்ற ஒன்று, நோயாளியின் மங்கலான பதிவுகளில் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கடைசியாக, இந்தக் கூருணர்வு தனிநபர் முன்கணிப்பையே முடியாததாக்கிவிடுகிறதா? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நட்டாலியா டிரயனோவா குழுவினர் 2016இல் 41 நோயாளிகளின் எம்ஆர்ஐ படங்களிலிருந்து அவரவர் தழும்போடு கணினி இதயங்களைக் கட்டி, ஆபத்து யாருக்கு என்று கணித்தார்கள். வழக்கமான அளவீடுகளைவிட அது நன்றாகவே பிரித்துக் காட்டியது. அந்தப் படங்களின் நுணுக்கமோ, தளத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அடுக்குக்கு அடுக்கு அதைவிடப் பல மடங்கு. பெங்களூருவின் முடிவை அப்படியே எடுத்துக்கொண்டால் இது பலித்திருக்கவே கூடாது. பலித்ததற்குக் காரணம், ஹாப்கின்ஸ் கேட்ட கேள்வி வேறு. இந்தச் சுருள் இந்தக் கணத்தில் உடையுமா என்று அவர்கள் கேட்கவில்லை. பல இடங்களிலிருந்து தூண்டிப் பார்த்து, எங்கிருந்தாவது ஒரு சுழல் நிலைக்குமா என்று கேட்டார்கள். அது பரும்படியான கேள்வி. பரும்படியான படம் அதற்குப் போதும். பெங்களூரு முடிவு ஹாப்கின்ஸ் முறையை வீழ்த்தவில்லை. அதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது: ஒரு தழும்புக்கு ஒரு விடை என்று சொல்லக் கூடாது, ஸ்கேனின் பிழை எல்லைக்குள் தழும்பை அசைத்து அசைத்து ஓட்டி, நூற்றில் எத்தனை முறை சுழல் பிறந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. திசுவின் அமைப்பு, குறிப்பாகத் தழும்பின் இடமும் நார்த்திசு பரவிய விதமும், துடிப்பின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதை இந்தக் குழு நிறுவியிருக்கிறது. அளவைச் சொல்லும் ஒற்றை எண்கள் ஏன் தோற்கின்றன என்பதற்கு நான் படித்தவற்றில் மிகத் தெளிவான காரணம் இவர்களுடையதுதான். எல்லையின் வடிவம் பற்றிய கூற்று இன்னும் நிறுவப்படவில்லை. சிகிச்சை பற்றியவை யோசனைகள் மட்டுமே.

அடுத்த சோதனை எதுவென்று எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. அதற்குப் புதிய நோயாளிகள்கூட வேண்டியதில்லை. பெங்களூருவில் ஜயதேவா மருத்துவமனை போன்ற பெரிய இதய மருத்துவமனைகள் இருக்கின்றன. டிஃபிப்ரிலேட்டர் பொருத்தப்பட்டவர்களின் மார்புக்குள் இருக்கும் கருவி ஒவ்வொரு ஆபத்தான துடிப்பையும் நேரத்தோடு பதிந்துவைக்கிறது. பொருத்துவதற்கு முன் எடுத்த எம்ஆர்ஐ உள்ளவர்களைத் தேர்ந்து, அவர்களின் ஒப்புதலோடு, பெயர் நீக்கிய படங்களைப் பெற்று, ஒவ்வொருவர் தழும்பின் ஓரத்தையும் இரண்டு மில்லிமீட்டருக்குள் நகர்த்தி நூறு ஓட்டம் ஓட்ட வேண்டும். கணித்த விகிதத்தைக் கருவியின் பதிவோடு வைத்துப் பார்க்க வேண்டும். நகர்த்த நகர்த்த விகிதம் நிலையாக நின்று பதிவோடும் ஒத்துப்போனால், ஃபிராக்டல் எல்லை நோயாளியின் இதயத்தில் அத்தனை முக்கியமில்லை என்று தெரிந்துவிடும். விகிதம் தாறுமாறாக அலைந்தால், தனிநபர் கணினி இதயம் என்று உலகெங்கும் இன்று தரப்படும் வாக்குறுதியை நாம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.